யாழ்ப்பாணத்து நிலத்தில் குறைதாக்கத் துளைப்பு: ஆழ அத்திவாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரிலும் அதை அண்டிய பிரதேசங்களிலும் பல மாடி விடுதிகளும் வர்த்தகத் தொகுதிகளும் எழத் தொடங்கியதிலிருந்து, ‘பைலிங்’ (கட்டடச் சுமையை ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘பைல்’ என்ற அத்திவாரத் தூண்களை நிலத்துள் அமைத்தல்) என்ற சொல் பொறியியலாளர்களின் வரைபடத்தை விட்டு அயலவர்களின் பேச்சுக்கும் வந்துவிட்டது. கட்டடம் எழுப்புபவர், பக்கத்து வளவுக்காரர், பழைய கோயிலொன்றின் அறங்காவலர் ஆகியோர் இவ்விடயத்தில் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. குடாநாட்டில் சுற்றாடல் என்றால் முதலில் கிணறுதான் என்ற நோக்கிலேயே இவ்விடைகள் எழுதப்பட்டுள்ளன.

குறைதாக்கத் துளைப்பு இயந்திரம் என்று எதைச் சொல்கிறோம்?

ஆயத்தக் கொங்கிறீற் தூணையோ உருக்குத் தூணையோ பாரமான சுத்தியலால் நிலத்துள் அடித்து இறக்குவது பழைய முறை. அதற்கு மாறாக, நிலத்தைச் சுழற்றித் துளைத்து, துளைக்குள் கம்பிக்கூட்டை இறக்கி, கொங்கிறீற் நிரப்பித் தூணை அங்கேயே வார்க்கும் முறைகளும், தூணையே திருகி இறக்கும் முறையும் அதிர்வையும் இரைச்சலையும் பெருமளவு குறைக்கின்றன. இவற்றுள் சுழல் துளைப்பு, நீண்ட திருகு அலகால் துளைக்கும் தொடர் ஓகர், 300 மில்லிமீற்றருக்கு உட்பட்ட விட்டமுள்ள சிறுவிட்டப் பைல், திருகு பைல், ஐதரோலிக் அழுத்தத்தால் தூணை இறக்கும் முறை என்பவை அடங்கும். கடைசியாகச் சொன்னது 1970-களில் யப்பானில் உருவானது. மென்மையான மண்ணுக்கு மிக நல்லது, ஆனால் நமது சுண்ணக்கல்லில் முன்கூட்டித் துளையிடாமல் அதைப் பயன்படுத்த முடியாது. ஓர் இயந்திரத்தின் விளம்பரத்தில் ‘பசுமை’ என்று எழுதியிருப்பதால் மட்டும் அது இந்த வகையில் சேர்ந்துவிடாது. எந்த நிலத்தில், எந்தத் துளைப்புத் திரவத்தோடு, எவர் கையால் இயக்கப்படுகிறது என்பவற்றைப் பார்த்தே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

குடாநாட்டில் ஆழ அத்திவாரம் உண்மையிலேயே தேவைப்படுகிறதா?

பல இடங்களில் தேவையில்லை. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சில மீற்றர் ஆழத்துக்குள்ளாகவே, சில வளவுகளில் மண்வெட்டி எட்டும் ஆழத்திலேயே, மயோசீன் காலச் சுண்ணக்கல் கிடைத்துவிடுகிறது. இரண்டு மாடி வீட்டுக்கு அங்கே கருங்கல் அத்திவாரமோ சாதாரண கொங்கிறீற் பாதமோ போதும். தேவையற்ற இடத்தில் பைல் போடாமல் விடுவதுதான் சுற்றாடலுக்கு மிகக் குறைந்த தீங்கு தரும் தெரிவு என்பதை, பைலிங் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் எப்போதும் சொல்லமாட்டார். ஆனால் கடனீரேரியோரத்தில் நிரவி உயர்த்திய நிலம், வடமராட்சி கிழக்கின் தளர்ந்த மணல், தரவைகள் எனப்படும் தாழ்ந்த புல்வெளிகளின் அடியிலுள்ள சேற்றுக்களி, மேலே திடமாகத் தோன்றினாலும் உள்ளே பொந்துகளுள்ள சுண்ணக்கல் ஆகியவற்றின் மீது பல மாடிக் கட்டடம் வரும்போது, சுமையை ஆழத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது.

நிலத்தடி நீருக்கு இதனால் என்ன நன்மை?

இந்தக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாக நிற்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என்று பிரித்துச் சொல்லப்படும் நான்கு நீர்த்தேக்கப் பாறைகளும் இவ்வாறானவையே. கைபென், ஹெர்ஸ்பர்க் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் கவலைக்குரியது: நீர்மட்டத்தை அரை மீற்றர் இறக்கி நெடுங்காலம் அப்படியே வைத்திருந்தால், கணக்கின்படி உப்புநீரின் எல்லை 20 மீற்றர் வரை மேலெழலாம். நிலவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அகலமான குழி தோண்டி அத்திவாரம் இடும்போது குழியை உலர வைப்பதற்காக இரவுபகலாக நீரிறைக்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகிறது. துளைச்சுவர் இடியாமல் தாங்கும் உறைக்குழாயுடன் துளையிட்டு இறக்கும் பைலுக்கு நீரிறைப்புத் தேவையில்லை. துளை நீரால் நிறைந்திருக்கும்போதே, அடிவரை இறக்கிய ட்ரெமி குழாயின் ஊடாகக் கொங்கிறீற் ஊற்றப்பட, அது நீரை மேலே தள்ளிக்கொண்டு எழும்புகிறது. நீர்மட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குறைதாக்க முறையின் முதல் நன்மை எதுவென்று எம்மிடம் கேட்டால், அதிர்வையோ இரைச்சலையோ சொல்லமாட்டோம். நீர்மட்டத்தில் கைவைக்காமல் வேலையை முடிப்பதையே சொல்வோம்.

பக்கத்தில் துளையிடும்போது எங்கள் கிணறு ஏன் கலங்குகிறது?

கடினமான பாறையை வேகமாகத் துளைப்பதற்கு, துளையின் அடியில் இயங்கும் காற்றுச் சுத்தியல் பயன்படுத்தப்படுகிறது. குழாய்க்கிணறு அடிப்பவர்கள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இதுவே. மேலிருந்து உயர் அழுத்தக் காற்று இறக்கப்பட்டு, நொறுங்கிய கல்லோடு அதே துளை வழியாக மேலே வர வேண்டும். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல்லில் காற்று அப்படித் திரும்பி வருவதில்லை. இலகுவான வழி எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. பக்கத்து வளவுக் கிணற்றில் குமிழி கிளம்புவதும், நீர் பால்போல் வெளுப்பதும், ஆண்டுக்கணக்காக அடியில் படிந்திருந்த வண்டல் எழுவதும் இதனால்தான்.

இதைத் தவிர்க்க நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. சுத்தியலின் பின்னாலேயே உறைக்குழாயும் இறங்கும் அமைப்பைப் பயன்படுத்தலாம். அப்போது திறந்த துளை மிகக் குறுகியதாகவே இருக்கும். நொறுங்கிய கல்லை இரட்டைச் சுவர்க் குழாயின் உட்புறமாக மேலே எடுக்கும் எதிர்ச்சுற்று முறையைக் கையாளலாம். அல்லது சுத்தியலை விட்டுவிட்டு, நீரைக் கொண்டு குளிரூட்டும் சுழல் துளைப்பு முனையால் மெதுவாகத் துளைக்கலாம். மூன்றாவது முறை நேரத்தை விழுங்கும். ஆயினும் பங்குக் கிணறுகள் நெருக்கமாக உள்ள குடியிருப்புகளில் அதுவே பொருத்தமானது என்பது எமது கருத்து. ஒப்பந்தக்காரர் காற்றமுக்கியுடன் வந்து நின்றால், உறைக்குழாய் எந்த ஆழம் வரை இறங்கும் என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவிட வேண்டும்.

பெந்தோனைற்றுக் கலவை தீங்கானதா?

பெந்தோனைற்று ஒரு களிமண், அது நஞ்சல்ல. துளையின் சுவர் இடிந்து விழாமல் தாங்குவதற்காக அதை நீரில் கரைத்து நிரப்புகிறார்கள். மணலிலும் களியிலும் அது துளைச்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி நன்றாக வேலை செய்கிறது. பொந்துள்ள சுண்ணக்கல்லிலோ கலவை ஒரே நொடியில் காணாமற் போகலாம். போனது நீரோட்டத்தோடு கலந்து எங்கோ ஒரு கிணற்றில் கலங்கலாக வெளிப்படும். மக்கிப்போகும் பொலிமர்க் கலவை அளவில் குறைவாகவும் அப்புறப்படுத்த இலகுவாகவும் இருந்தாலும், பொந்துக்குள் ஓடிப்போவதில் அதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆகவே வலிகாமத்தின் கல்நிலத்தில் உறைக்குழாயும் சுத்தமான நீருமே போதும். கலவைகளை மணற்பாங்கான இடங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்துக்கு அடியில் குகை இருந்தால் ஊற்றும் சீமெந்து எங்கே போகும்?

கணக்கிட்ட அளவை விட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சீமெந்துக் கூழ் உள்ளே போயும் துளை நிரம்பாத அனுபவம் சுண்ணக்கல் நிலங்களில் உலகெங்கும் உண்டு. அது பணவிரயம் மட்டுமல்ல. புதிய சீமெந்துக் கூழின் பீஎச் மதிப்பு (அமில, காரத் தன்மையின் அளவு) 12-க்கும் மேல். குடிநீருக்கு இலங்கைத் தர நிர்ணயம் அனுமதிப்பது 6.5 முதல் 8.5 வரை. நீர் ஓடும் பொந்துக்குள் பெருமளவு கூழ் போனால் அருகிலுள்ள நீரின் காரத்தன்மை உயரும்; அந்தப் பொந்து மூடுண்டால் நீரோட்டத்தின் பாதையும் மாறும். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊற்றெடுப்பதும் இப்படிப்பட்ட பாதை ஒன்றின் முடிவிலேயே என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பொந்தைக் கண்மூடித்தனமாக அடைப்பதன் விளைவு எவ்வளவு தூரத்தில் தெரியவரும் என்பது விளங்கும்.

இங்கே சிறுவிட்டப் பைலுக்கு ஒரு தனி வலிமை இருக்கிறது. பொந்துள்ள ஆழத்தில் உருக்குக் குழாயை நிரந்தரமாகவே விட்டுவிடலாம், அல்லது கம்பியைச் சுற்றித் துணிப்பை ஒன்றை இறக்கி அதற்குள் கூழை நிரப்பலாம். துணி கூழைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூழைக் கட்டம் கட்டமாக ஏற்றுவதும், குறித்த அளவைத் தாண்டியதும் நிறுத்தி இறுகவிட்டு மீளத் தொடங்குவதும் வேலை விபரக்குறிப்பிலேயே எழுதப்பட வேண்டியவை. எல்லாவற்றுக்கும் முன்பாக, பைல் வரும் ஒவ்வொரு முக்கிய இடத்திலும் ஆய்வுத் துளை இடுவதும், வளவு முழுவதையும் மின்தடை அளவீட்டாலோ நிலமூடுருவும் ரேடாராலோ பார்ப்பதும் செலவு போலத் தோன்றினாலும் செலவைக் குறைப்பவை.

ஆய்வுத் துளைகள் தாமே ஆபத்தாக மாட்டாவா?

மூடாமல் விட்டால் ஆபத்துத்தான். மண்ணாய்வுக்காக இட்ட துளை நன்னீர்ப் படையைக் கடந்து உவர்நீர் வரை போயிருந்தால், அது இரண்டையும் இணைக்கும் நேர்க்குழாயாகிவிடும். மேலேயோ மழைக்காலத்தில் வளவின் அழுக்கு நீர் வடிகட்டப்படாமல் நேரே உள்ளே இறங்கும். முடிந்த துளையை அடியிலிருந்து மேல்நோக்கிச் சீமெந்து, பெந்தோனைற்றுக் கூழால் நிரப்பி மூட வேண்டும். கல்லைப் போட்டு மேலே மண்ணைத் தூவுவது மூடுவதாகாது. பைலுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் துளை அன்றைக்கே கொங்கிறீற்றால் நிரம்பிவிடுகிறது. கைவிடப்பட்ட குழாய்க்கிணறுகளே குடாநாட்டில் இவ்வகையில் பெரிய கவலை. அவற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

பழைய வீடுகளுக்கும் கோயில்களுக்கும் அதிர்வால் என்ன ஆகும்?

முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த சுவர்கள் நிறையப் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஆட்டத்தைத் தாங்கா. நடுவில் முற்றமுள்ள நாச்சார் வீடுகள், பழைய மடங்கள், கோட்டை மதில், போரில் அடிபட்டு மேற்பூச்சுப் பூசி நிற்கும் எத்தனையோ வீடுகள் எல்லாம் இந்த வகையே. ஜெர்மனியின் டின் 4150 நியமம் நிலத்தின் உச்ச அதிர்வு வேகத்தை, தாழ்ந்த அதிர்வெண்களில், சாதாரண குடியிருப்புகளுக்குச் செக்கனுக்கு 5 மில்லிமீற்றர் என்றும், மரபுரிமைக் கட்டடங்கள் போன்ற நொய்தானவற்றுக்கு 3 மில்லிமீற்றர் என்றும் வகுத்திருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிப் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 7.6 மீற்றர் தொலைவில், சுத்தியலால் பைல் அடிக்கும்போது பொதுவாகச் செக்கனுக்கு 16 மில்லிமீற்றர் அளவிலும், துளையிட்டு வார்க்கும்போது 2.3 மில்லிமீற்றர் அளவிலும் அதிர்வு எழுகிறது. அதே வழிகாட்டியின் சூத்திரத்தைக் கொண்டு 15 மீற்றருக்குக் கணக்கிட்டால், முன்னையது ஏறத்தாழ 6 ஆகவும் பின்னையது 1-க்குக் கீழேயும் வருகிறது. அதாவது நகர ஒழுங்கையொன்றின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டுக்கு ஒன்று வரம்பை மீறியது, மற்றது வரம்புக்குள் நிற்பது. மேலேயே பாறையிருக்கும் நிலத்தில் அதிர்வு பரவும் விதம் மாறுவதால் இவை மதிப்பீடுகள் மட்டுமே. மதிலோடு ஒட்டிய வேலையில் அளவுமானி வைப்பதற்கு மாற்றில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலிகாமத்தில் சுவரை வெடிக்கவைப்பது பெரும்பாலும் பைல் இயந்திரமல்ல. குழி வெட்டுவதற்காகக் கல்லை உடைக்கும் பிறேக்கர்தான். துளைக்கும் இயந்திரத்தை மிக மென்மையானதாகத் தெரிந்துவிட்டு, தூண்தலைகளைத் தட்டுவதற்கும் நிலக்கீழ் தளத்தைத் தோண்டுவதற்கும் பிறேக்கரை நாள்முழுதும் ஓடவிட்டால் கிடைத்த பயன் போய்விடும்.

சிறுவிட்டப் பைல் பழைய கட்டடங்களைக் காப்பாற்றவும் பயன்படுமா?

அது பிறந்ததே அதற்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் சேதமுற்ற வரலாற்றுக் கட்டடங்களின் அத்திவாரங்களை, அவற்றை மேலும் ஆட்டாமல் பலப்படுத்துவதற்கு, இத்தாலியப் பொறியியலாளர் பெர்னாண்டோ லிற்சி 1950-களின் தொடக்கத்தில் இம்முறையை உருவாக்கினார். மரத்தின் வேர்கள் போலப் பல திசைகளில் சாய்ந்து இறங்குவதால் அதை ‘வேர்ப் பைல்’ என்றே அழைத்தார். குறுகிய அறைக்குள்ளும் நுழையக்கூடிய சிறிய இயந்திரம், பழைய சுவரின் ஊடாகவே துளையிட்டு இறங்கக்கூடியது. போரில் சிதைந்த கட்டடங்களை இடித்துத் தள்ளாமல் நிமிர்த்த விரும்பும் எங்கள் ஊருக்கு அந்த வரலாறு பொருந்தாமல் இல்லை. பழைய கட்டடத்தைக் காப்பதால் புதிய சீமெந்தின் தேவை குறைவது தனி நன்மை.

இரைச்சல் எவ்வளவு குறையும்?

1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி கட்டுமான வேலைக்கு வளவின் எல்லையில் பகலில் 75 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என்பதே வரம்பு. பொதுவான சுழல் துளைப்பு இயந்திரம் 10 மீற்றரில் 80 டெசிபெல் அளவில் ஒலிக்கிறது. தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் குறையும் என்பதால், 20 மீற்றரில் பகல் வரம்புக்குள் வந்துவிடும். சுத்தியல் 10 மீற்றரில் 90-ஐயும் தாண்டுவதால் அதை வரம்புக்குள் கொண்டுவர நகரத்தில் இடமே போதாது. எனினும் எந்த இயந்திரமும் இரவு வரம்புக்குள் அடங்காது. ஆகவே இரவு வேலைக்கு ‘சத்தமில்லாத இயந்திரம்’ என்று அனுமதி கேட்பவரை நம்ப வேண்டாம். திருவிழாக் கால ஒலிபெருக்கியை இருபத்தைந்து நாளும் பொறுத்துக்கொள்கிற ஊர் இதைப் பொறுக்காதா என்று ஒருவர் கேட்கலாம். திருவிழா ஊராருடையது, பைலிங் ஒருவருடையது என்பதே அதற்கு அயலவர் தரும் விடை. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் அருகில் வேலை நேரத்தை முன்கூட்டிப் பேசி முடிவெடுப்பது இயந்திரத் தெரிவைப் போலவே பயன் தரும்.

சிறிய பைல் என்றால் சீமெந்தும் கரிம வெளியீடும் குறைவுதானே?

அப்படித் தோன்றும், கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வளவு நேரடியாக இல்லை. 600 மில்லிமீற்றர் விட்டமும் 15 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு பைலுக்கு 4.24 கனமீற்றர் கொங்கிறீற் தேவை. ஒரு கனமீற்றருக்கு 400 கிலோ சீமெந்து என்று கொண்டால் மொத்தம் 1.7 தொன். 200 மில்லிமீற்றர் விட்டமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட சிறு பைலின் கனவளவு 0.38 கனமீற்றர் மட்டுமே. ஆனால் அதில் நிரம்புவது சல்லியும் மணலும் கலந்த கொங்கிறீற் அல்ல, சீமெந்தும் நீரும் மட்டுமான கூழ். அதில் ஒரு கனமீற்றருக்கு 1.2 தொன் அளவில் சீமெந்து இருப்பதால் ஒரு சிறு பைலுக்கு 0.46 தொன் போகிறது. ஆக, நான்கு சிறு பைல்கள் ஒரு பெரிய பைலின் சீமெந்தைத் தாண்டிவிடுகின்றன. உருக்குக் குழாயின் கணக்கு அதற்கு மேல். ஒரு தொன் சாதாரண சீமெந்து உற்பத்திக்கு 0.8 முதல் 0.9 தொன் வரை காபனீரொட்சைட்டு வெளியாவதால் இது சிறிய விடயமல்ல.

ஒரு பெரிய பைலின் இடத்தை இரண்டு சிறு பைல்கள் நிரப்பினால் சிறியது வெல்லும்; ஐந்து தேவைப்பட்டால் தோற்கும். திடமான பாறையில் நன்கு பிடித்து நிற்கும் இடத்தில் சிறு பைல் தன் அளவை மீறிச் சுமை தாங்கும் என்பதால், விடை ஒவ்வொரு வளவின் மண்ணாய்வு அறிக்கையிலேயே இருக்கிறது. பறக்கும் சாம்பல் கலந்த சீமெந்தைத் தெரிந்தால் இரண்டு முறையிலும் கரிமம் குறையும். உவர்மண்ணில் கம்பியின் ஆயுளும் கூடும்.

மின்சாரத்தில் அல்லது மின்கலத்தில் இயங்கும் இயந்திரங்கள் இங்கே பொருந்துமா?

மின்கலத்தில் இயங்கும் துளைப்பு இயந்திரங்களை ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் ஏற்கெனவே விற்கிறார்கள். புகை இல்லாமை, குறைந்த இரைச்சல், எரிபொருள் சிந்தாமை ஆகியவை வேலையிடத்துக்குக் கிடைக்கும் உண்மையான நன்மைகள். ஆனால் மின்னேற்றத்துக்கு வேலையிடத்திலேயே டீசல் மின்பிறப்பாக்கியை ஓட்டினால் புகை இடம்மாறுவது மட்டுமே நடக்கிறது. தேசிய மின்வலையமைப்பில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் பங்கு பெரிது என்பதையும் மறக்கக்கூடாது. இன்றைய நிலையில், நன்கு பராமரிக்கப்பட்ட சிறிய டீசல் இயந்திரத்தைத் தெரிந்து, வேலையற்ற நேரத்தில் அதை நிறுத்திவைப்பதே இங்கு கைக்கெட்டும் வழி.

எண்ணெய்க் கசிவைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பு வந்ததை அறிந்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். துளைப்பு இயந்திரத்தின் ஐதரோலிக் குழாய்கள் உயர் அழுத்தத்தில் இயங்குபவை. ஒன்று வெடித்தால் கணப்பொழுதில் பல லீற்றர் எண்ணெய், திறந்த துளையின் வாயிலேயே கொட்டும். வழக்கமான வேலையிடத்தில் மேல்மண் அதை ஓரளவு பிடித்து வைக்கும். இங்கோ துளை நேரே நீரில் முடிகிறது. மக்கிப்போகும் எஸ்டர் வகை ஐதரோலிக் எண்ணெய், இயந்திரத்தின் அடியில் தட்டு, எண்ணெய் உறிஞ்சும் பாய்கள், துளையிலிருந்து விலகிய இடத்தில் எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும். மக்கிப்போகும் எண்ணெயும் எண்ணெய்தான்; அதைச் சிந்துவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோண்டி எடுத்த மண்ணும் சேறும் எங்கே போக வேண்டும்?

மேலே சொன்ன 600 மில்லிமீற்றர் பைல் ஒன்றிலிருந்து வெளிவருவது, தளர்ந்து பெருகியபின், 2 கியூப்; நாற்பது பைல் என்றால் எண்பது கியூப், அதாவது பல டிப்பர் சுமை. சிறு பைல்களில் இது மிகக் குறைவு. திருகு பைலில் எதுவுமே வெளிவருவதில்லை. சுத்தமான சுண்ணக்கல் நொறுங்கலை வளவு நிரவவும் பாதை போடவும் பயன்படுத்தலாம். சீமெந்தோ கலவையோ சேர்ந்த சேற்றை மட்டும் தனியாகத் தொட்டியில் தேக்கி, தெளிந்த நீரைத் துளைப்புக்கே திருப்பி, இறுகியதை அனுமதிக்கப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரவோடிரவாக அதைக் குளத்துக்குள் கொட்டினால், மழைநீர் நிலத்துள் இறங்கும் வழியை மெல்லிய களி அடைத்துவிடும். குளம் நிரம்பித் தெரியும், கிணறு நிரம்பாது.

ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இயந்திரம் எப்படி வரும்?

பெரிய சுழல் துளைப்பு இயந்திரத்தின் நிறை 40 முதல் 60 தொன் வரை இருக்கும். அது சரியாமல் நிற்பதற்கு வளவு முழுவதும் சல்லி பரப்பி மேடை அமைக்க வேண்டும். குடாநாட்டில் கருங்கல் கிடையாது. வன்னியிலிருந்துதான் வர வேண்டும். வேலை முடிந்தபின் அந்த மேடையை அள்ளிக்கொண்டு போவதும் ஒரு சுமை. ஐந்தாறு தொன் நிறையுள்ள சிறு இயந்திரம் சாதாரண லொறியில் வந்து, மதிலையும் கதியால் வேலியையும் பிரிக்காமல் உள்ளே போய், பனையையும் வேம்பையும் தறிக்காமல் வேலையை முடிக்கும். எமது பார்வையில், விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத பெரிய நன்மை இதுவே.

மணற்பகுதிகளில் திருகு பைல் போடலாமா?

பாரம் குறைந்த அமைப்புகளுக்குப் போடலாம். பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியியலாளர் அலெக்சாண்டர் மிச்செல் 1833 இல் காப்புரிமை பெற்ற இம்முறை, தேம்ஸ் முகத்துவார மணல்திட்டில் வெளிச்சவீட்டுக்கு 1838 இல் அத்திவாரமாக இறங்கியது. மணலுக்கு அது ஏற்றது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. மணற்காட்டுப் பக்கத்தில் நடைபாதை, சூரியமின் தகடுகளின் தாங்கி, சிறு விடுதி அறை போன்றவற்றுக்கு, சீமெந்தே இல்லாமல், ஒரே நாளில் இறக்கவும் பின்னர் திருகிக் கழற்றவும் முடியும். உப்புக் காற்றும் உவர்மண்ணும் உருக்கைத் தின்னும் என்பதால் தடிப்பான நாகமுலாம் பூசியதை, அரிமானத்துக்கு மேலதிக தடிப்பு விட்டு, தெரிய வேண்டும். சுண்ணக்கல் தட்டுப்படும் இடத்தில் அது திரும்பாது.

செலவு அதிகமா?

ஒரு மீற்றருக்கான விலையைப் பார்த்தால் பெரும்பாலும் அதிகம். மேடை, நீரிறைப்பு, மண் அகற்றல், கொழும்பிலிருந்து பாரிய இயந்திரத்தைக் கொண்டுவரும் கூலி, வெடித்த சுவருக்கான நட்டஈடு ஆகியவற்றையும் சேர்த்த மொத்தத்தைப் பார்த்தால் சிறிய, நடுத்தர வேலைகளில் வேறுபாடு சுருங்கும். மிகப் பெரிய கட்டடங்களில் பெரிய விட்டப் பைலே மலிவு.

எந்த அனுமதிகள் வேண்டும்?

கட்டட அனுமதி மாநகர சபை அல்லது பிரதேச சபையிடம். கடற்கரையின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு அருகில் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. பெரிய திட்டங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிபந்தனைகள் விதிக்கும். முகமாலை போன்று முன்னர் கண்ணிவெடி இருந்த பகுதிகளில் நிலம் விடுவிக்கப்பட்டதற்கான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டே துளையிட வேண்டும்.

அடுத்த வளவில் பைலிங் தொடங்கப் போகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

வேலை தொடங்குவதற்கு முன்னரே கிணற்று நீரை ஆய்வுகூடமொன்றில் சோதித்து, பீஎச் மதிப்பு, மின்கடத்துதிறன், கலங்கல், எண்ணெய் ஆகியவற்றின் அளவுகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னர் நிகழும் மாற்றத்தை எவராலும் நிறுவ முடியாது. சுவர், கிணற்றுக்கட்டு, தொட்டி ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைத் திகதியுடன் படமெடுத்து, ஒரு பிரதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதைத் தானே செய்வார், ஏனெனில் அது அவருக்கும் பாதுகாப்பு. துளையிடும் நாட்களில் கிணற்று நீர் வெளுத்தால், குமிழி எழுந்தால், வழுவழுப்பாக இருந்தால் குடிப்பதை நிறுத்தி, வேலையை இடைநிறுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். நைத்திரேற்று உயர்ந்திருந்தால் அதைப் பைலின் தலையில் போடாதீர்கள். அது பெரும்பாலும் தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருவது. வேலை முடிந்து ஒரு மாரி கழிந்தபின் அதே சோதனைகளை மீண்டும் செய்து, முதல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.